மொட்டை மாடிக்கு காசு குடுத்து "10 வருஷ வாரண்டி" வாங்கலாமா?

வடகிழக்கு மழை ஆரம்பிச்சதுல இருந்து ஃபோன் ஓயல. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "10 வருஷ வாரண்டி இருக்கு சார், இருந்தும் ஒழுகுது சார்". போன வாரம் மடிப்பாக்கத்துல ஒரு ரிட்டயர்டு தம்பதி வீடு, 1,100 சதுரடி மாடி. வாட்டர்ப்ரூஃபிங் கூலி, மெட்டீரியல் எல்லாம் போக வாரண்டிக்குன்னே தனியா சதுரடிக்கு 12 ரூபா, அதாவது 13,200 ரூபா, லேமினேட் பண்ணின ஒரு அட்டைக்கு. அந்தம்மா அதை நகைப் பெட்டியோட பீரோல வச்சிருந்தாங்க. திருப்பிப் பாத்தா பின்னாடி பொடி எழுத்துல, தண்ணி தேங்குற இடம், தளத்துல விழுற விரிசல், வேற ஆளுங்க துளை போட்ட இடம் இதுக்கெல்லாம் செல்லாதுன்னு போட்டிருக்கு. ஏங்க, இந்த மூணையும் விட்டா மாடி வேற எங்கதான் ஒழுகும்?

நான் தொண்டை வத்த சொல்லிட்டிருக்கேன், வாரண்டி இருந்தா ஒழுகாதுன்னு நெனக்காதீங்க. ஒழுகினா யாரு வந்து, எதை, யாரோட காசுல சரி பண்ணுவாங்கன்றதுக்கு ஒரு பேப்பர், அவ்ளோதான். கோட்டிங் வர்ற பக்கெட் மேல 10 வருஷம்னு பெருசா அச்சடிச்சிருக்கே, அது கம்பெனி மெட்டீரியலுக்கு குடுக்கறது, அதுவும் தளத்தை சுத்தம் பண்ணி, ப்ரைமர் அடிச்சு, அவங்க சொன்ன கனத்துக்கு பூசியிருந்தாத்தான். பூசின ஆளோட வேலைக்கு அவங்க பொறுப்பில்ல, நான் பாக்குற ஒழுகல்ல முக்காவாசி பூசுனதுல வந்த தப்பு, பக்கெட்டுல இருந்தது இல்ல. சரி, கம்பெனி ஒத்துக்கிச்சுன்னே வைங்க, நெறைய கார்டுல மெட்டீரியல் மட்டும்தான் மாத்திக் குடுப்பாங்க. கூலி, பழைய தட்டோட்டை ஒடச்சு கீழ இறக்குற செலவு, உள்ள ஊறிப்போன ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப் எல்லாம் உங்க தலையில. சில கார்டுல வருஷம் போகப் போக தொகையும் கொறஞ்சுகிட்டே வரும், கடைசி வருஷம் க்ளெய்ம் பண்ணினா கெடைக்கிறது ஆட்டோ செலவுக்கே சரியா போயிடும்.

மடிப்பாக்கத்துல ஒழுகுனது சோலார் ஸ்டாண்ட் காலுக்கு நேர் கீழ. ஆங்கர் போல்ட்டைச் சுத்தி ஸ்க்ரூடிரைவரால லேசா நெம்பினேன், கோட்டிங் தோசை மாதிரி சுருண்டு வந்துச்சு, அடியில தூசி அப்படியே கெடக்கு, பெருக்கவே இல்ல. பூசினவரை கேட்டா நம்பர் உபயோகத்துல இல்ல, கம்பெனியை கேட்டா அவரு எங்க ஆளே இல்லைன்னுட்டாங்க, கார்டுல இருக்கறது அவங்க லோகோ, கையெழுத்து இவரோடது. 18% ஜிஎஸ்டி மிச்சமாகும்னு பில்லும் வாங்கல. பில் இல்லாத வாரண்டியை எங்க கொண்டு போய் காட்டுவீங்க? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்குமான வேலைக்கு ஃபீஸ்கூட கெடையாது, நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஆனா பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், கையில பில்லும் இருக்கணும்.

அபார்ட்மெண்ட்காரங்க கொஞ்சம் நில்லுங்க. சாவி வாங்கி 5 வருஷம் ஆகலைன்னா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3) பிரிவுப்படி வேலைல இருக்கற குறையை நீங்க சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் காசு வாங்காம சரி பண்ணணும். முதல்ல அவருக்கு எழுத்துல குடுங்க. அதை விட்டுட்டு அசோசியேஷன் பணத்துல வேற ஆளை வச்சு பூசிட்டா, "நீங்கதான் கை வச்சீங்க"ன்னு பில்டர் நழுவறதுக்கு நீங்களே வழி போட்டுக் குடுத்த மாதிரி.

அப்போ வாரண்டி வாங்கவே கூடாதான்னா, வாங்கலாம். கம்பெனியும் பூசுறவரும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, உங்க வீட்டு அட்ரஸும் பக்கெட்ல இருக்கற பேட்ச் நம்பரும் எழுதி, கூலியும் சேத்து, தண்ணி தேங்கினாலும் நாங்க பொறுப்புன்னு இருந்தா தாராளமா காசு குடுங்க, மெம்ப்ரேன் (தளத்து மேல ஒட்டுற ஷீட்), பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் மாதிரி பெரிய செலவுக்கு அது தேவையும்கூட. மத்தபடி அதே ஏரியால ரொம்ப வருஷமா கடை வச்சிருக்கறவர் லெட்டர்பேட்ல சும்மா எழுதித் தர்ற 3 வருஷம், முகம் தெரியாத ஆளு விக்கிற 10 வருஷத்தை விட எவ்வளவோ மேல்.

அந்த 13,200 ரூபாயை சரிவுக்கு போடுங்கன்னுதான் நான் கெஞ்சுவேன். 10 அடிக்கு ஒரு இன்ச்சாவது வாட்டம் வேணும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைல கோவிங், அதாவது வளைவா பூசுற பூச்சு, வேணும், தண்ணி போற குழாய் வாய்ல தனியா கவனம் வேணும். சோலார், டிஷ், ஏசி ஸ்டாண்ட் எதுன்னாலும் பூசறதுக்கு முன்னாடியே மாட்டிடுங்க. பக்கெட்டை எண்ணுங்க, ஒரு லிட்டர் எத்தனை சதுரடிக்கு வரும்னு டேட்டா ஷீட்ல இருக்கும், கணக்கு ஒதைச்சா அங்கயே சண்டை போடுங்க. வேலை முடிஞ்சதும் குழாய் வாயை அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி 48 மணி நேரம் கட்டி, கீழ சீலிங்கைப் பாத்துட்டு அப்புறம் கடைசி செக் குடுங்க. மரக்கட்டை மேல செங்கல் அடுக்கின பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா மட்டும் இஞ்சினியர் வந்து பாக்காம தண்ணி கட்டிடாதீங்க, தாங்காது.

இன்னொண்ணு, ஈரத்துல கோட்டிங் ஒட்டாது, அதனால இப்பவே வந்து பூசிக் குடுங்கன்னு ஃபோன் பண்ணாதீங்க. இப்போதைக்கு குழாய் வாய்ல அடைச்சிருக்கற இலை, பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு ஒரு தார்ப்பாய் போட்டு வைங்க, தை பொறந்து தளம் நல்லா காஞ்சதும் வரேன்.