விசில் எண்ணுவதை விடுங்கள், தீயைக் குறையுங்கள்

கேஸ் அடுப்பு சர்வீஸ் வேலையில் எனக்கு 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. "சிலிண்டர் ஒரு மாசம்கூட வரமாட்டேங்குது தம்பி, எங்கேயோ லீக் இருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். போய் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பெரும்பாலும் லீக் இருக்காது. 14.2 கிலோ கேஸும் அடுப்பிலேதான் எரிந்து தீர்ந்திருக்கும்.

போன மாதம் அப்படிப் போன ஒரு வீட்டில் ஆட்டுக்கால் வெந்துகொண்டிருந்தது. பெரிய பர்னரில் முழுத்தீ. குக்கர் விடாமல் விசிலடித்தது. தீ அடிப்பாகத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி, கைப்பிடி ஸ்க்ரூ வரை கரி பிடித்திருந்தது. "20 விசில் விட்டாத்தான் தம்பி கால் வேகும்" என்றார் அந்த அக்கா. நான் குக்கரைச் சின்ன பர்னருக்கு மாற்றி சிம்மில் வைத்தேன். விசில் நின்று, வெயிட்டின் கீழே லேசாக 'உஸ்' என்று ஆவி மட்டும் வந்தது. அக்காவுக்கு நம்பிக்கையே இல்லை. "வேகும்க்கா, உள்ளே சூடு அதேதான் இருக்கு" என்றேன். 40 நிமிடம் கழித்துத் திறந்தபோது எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்றது.

குக்கரில் அழுத்தம் ஏறியதும் உள்ளே 120 டிகிரியை ஒட்டி சூடு நின்றுவிடும். அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்து ஏற்றிய சூடு வெளியேறுகிற சத்தம். அதனால் முதல் விசில் வந்ததும் சிம்முக்கு வாருங்கள், பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். அந்த 'உஸ்' சத்தமும் நின்றுபோனால் மட்டும் தீயைக் கொஞ்சம் ஏற்றலாம். அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கும்வரை உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீர்கள்.

திறந்த பாத்திரத்திலும் இதே கதைதான். தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரிதான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல், அதை முழுவதும் ஆவியாக்க ஆகும். மூடி போடாத பாத்திரத்தில் கேஸ் எங்கே போகிறது என்று இப்போது புரியும்.

கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு, கருப்பு கவுனி எல்லாம் இரவே ஊற வேண்டியவை. கடலை ஊறி இரண்டு மடங்காகிவிட்டால் வேகும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். மறந்துவிட்டீர்களா? கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள், ஓரளவு ஈடுகட்டும். புளியும் தக்காளியும் முன்னாடியே சேர்த்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும், அதனால் வெந்த பிறகு சேருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் பருப்பு வேகவே வேகாது. சமையலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள்.

தெர்மல் குக்கர் (அடுப்பில்லாமலே சூட்டைப் பிடித்து வைக்கும் பாத்திரம்) வைத்திருப்பவர்கள் சாதத்தைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு உள்ளே இறக்கினால் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ராஜ்மாவை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அதில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, குறைந்த சூட்டில் அது போகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். குக்கரில் வைப்பதே நல்லது.

அந்த அக்கா வீட்டுக்கு வருகிறேன். பெரிய பர்னரின் தீ நுனியில் மஞ்சள் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் பாதித் துளைகளில் பால் பொங்கிக் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்து, கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து மாட்டியதும் தீ நீலமாக நின்றது. இதை நீங்களே மாதம் ஒருமுறை செய்யலாம். ஆனால் பர்னருக்குக் கீழே கேஸ் வெளியே வருகிற சின்னத் துளையான ஜெட்டில் மட்டும் ஊசி விடாதீர்கள். அந்தத் துளை கொஞ்சம் பெரிதானாலும் தேவைக்கு மேல் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.