சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை எப்போது கழிக்க வேண்டும்?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுபவர்கள் பலர் சுட்ட உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்புகிறார்கள். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.) 'ஒரு உறை எத்தனை தடவை தாங்கும்?' என்று கேட்டால் எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு உறையையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பார்க்க வேண்டிய முதல் இடம், அடிப்பகுதியிலிருந்து சுமார் 1 செ.மீ. மேலே. வெடிக்கும்போது உறையின் முன்பாதி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் பின்னால், சேம்பரை அடைத்து நிற்கும் போல்ட்டை நோக்கித் தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் உறையின் தோளை (குண்டைப் பிடிக்கும் கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மீறி அமுக்குபவர்களுக்கு இது சீக்கிரமே வரும். போல்ட்டைக் கையால் இழுத்து இயக்கும் ரைஃபிளுக்குத் தோளை 0.05 மி.மீ. அளவு பின்னால் தள்ளினால் போதும். அதைக் கண்ணால் அளக்க முடியாது, அளவுமானி வேண்டும்.

மெலிந்த இடத்தில் வெளியே பளபளவென்று ஒரு வளையக் கோடு தெரியலாம். தெரியாமலும் போகலாம். அதனால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோரமாக மேலே இழுங்கள். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். பள்ளம் விழுந்த உறையில் 'டக்'கென்று தடுக்கும். அந்த உறையை மறுபடி நிரப்பவே கூடாது. அடுத்த வெடியில் அடிப்பாகம் தனியே பிய்ந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம்.

நீளமும் முக்கியம். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் உறை 51.18 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் கழுத்து சேம்பரின் முனையில் முட்டிக் குண்டை நெரிக்கும், அழுத்தம் எகிறும். கழுத்தில் விரிசல் விட்டாலோ, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் செருகும் சிறு மூடி) இறுக்கமில்லாமல் உள்ளே போனாலோ கழித்துவிடுங்கள். விரிசலைத் தவிர்க்கக் கழுத்தைச் சூடேற்றி இளக்குபவர்கள் அடிப்பாகத்துக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

பித்தளையைத் துலக்க அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தானாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள்.

உறையைச் சுழற்றித் துலக்கும் டம்ளர் என்ற இயந்திரத்தில் சேரும் தூசியில், பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். அதை வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் புழங்கும் இடத்தில், திறந்து சலிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

கழித்த உறையின் வாயை அப்போதே குறடால் நசுக்கிவிடுங்கள். முழுசாக விட்டால் அது எப்படியோ நல்ல உறைகளின் டப்பாவுக்குத் திரும்பிவிடும்.