கொடைக்கானல் போய்வந்த முழங்கால்கள்

தொடர் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை என்றால் எங்கள் பிசியோதெரபி அறையில் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். போன மே மாதம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவர். வாசலில் இருக்கும் மூன்று படியையும் சாதாரணமாக ஏறித்தான் வந்தார். திரும்பிப் போகும்போதுதான் கவனித்தேன், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். "சும்மா ஈஸியான நடைன்னு சொன்னாங்க சார், ரெண்டு மணி நேரத்துல போயிட்டு வந்துடலாம்னு..."

அவர் போனது கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் இருக்கும் டால்பின் நோஸுக்கு. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கயிறு கட்டி ஏறும் வேலையெல்லாம் கிடையாது, மர வேர்களே படி மாதிரி அமைந்த பாதை, சின்னப் பிள்ளைகளும் போகிறார்கள், முடிவில் பள்ளத்தாக்குக்கு மேல் மூக்கு நீட்டி நிற்கும் பாறை, மேகம் காலுக்குக் கீழே போகும். அழகான இடம்தான், நானே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பிவிடுவோம். இங்கே போகும்போதே இறக்கம். பேசிக்கொண்டே இறங்கிவிடலாம், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இறக்கத்தில்தான் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. அப்புறம் களைத்த காலோடு அதே தூரத்தை ஏற வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மூச்சும் சீக்கிரம் வாங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், நின்று, ஒரு வாக்கியம் தடங்கலில்லாமல் பேச வரும் வரை ஆற்றிக்கொண்டு நடக்கலாம். நெஞ்சை அழுத்துகிறது, குளிரிலும் வேர்க்கிறது என்றால் அதோடு நடை போதும், உடனே ஆஸ்பத்திரி.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது கூடுதலாக உறைக்க ஒரு காரணம் இருக்கிறது. வலை இழுக்கிற தோளும் மணலில் நடந்து இறுகிய கெண்டைக்காலும் நமக்கு உண்டு, ஆனால் இறங்கிப் பழக இடம் ஏது? பாம்பன் ரோட்டுப் பாலத்தை விட்டால் மேடு என்று சொல்ல எதுவுமில்லை. ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம், பெயர்தான் பர்வதம். அதனால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மொட்டைமாடிப் படியில் மெதுவாக இறங்கிப் பழகச் சொல்வேன், ஒரு படிக்கு மனசுக்குள் மூன்று எண்ணி. ஏறுவது எப்படியோ போகட்டும், இறங்குவதுதான் மருந்து.

அந்த வியாபாரி செய்த இன்னொரு காரியம், வேனை அவரே ஓட்டினார். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, பரமக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியாக 260 கிலோமீட்டர் சொச்சம், விடிகாலையில் மலைப்பாதை, காலையில் இரண்டு இட்லி, ஒன்பது மணிக்கு நடை. தூங்காத ஆளுக்கு கால் வைக்கிற இடத்தில் கவனம் இருக்காது. ஏறிய அன்று ஊர் பார்த்துவிட்டுத் தூங்குங்கள், நடையை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் வேர் எது பள்ளம் எது என்று தெரியாது.

செருப்போடு போகாதீர்கள், பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவோடும் போகாதீர்கள். கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள்; சிரிக்காதீர்கள், இறக்கத்தில் பெருவிரல் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிடாமல் நடக்கக் கூடாது, பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், பனங்கற்கண்டு இருந்தாலும் சரி. பெண்கள் வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிப்பதில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, கழிப்பறை வைக்காதவர்களைச் சொல்ல வேண்டும்.

வந்தபின் தொடை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், நாலைந்து நாளில் தானாகவே அடங்கும். வீங்கிய மூட்டில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், நம் ஊரில் ஐஸுக்கா பஞ்சம். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை, மூட்டு மாட்டிக்கொண்டு மடங்கவில்லை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அவருக்கு எலும்பில் ஒன்றுமில்லை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன், வீட்டில் படி இறங்கும்போது எண்ணுவது அவர் மனைவி. டிசம்பரில் மறுபடி போனார்கள், இந்தத் தடவை டிரைவர் வைத்து. காலை பத்தரைக்கு வட்டக்கானலிலிருந்து போன் வந்தது. "பாறை வரைக்கும் போகல சார். பாதியில ஒரு கடையில ஆம்லெட் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன், பிள்ளைகளும் அவளும் கீழே போயிருக்காங்க."