குளவி கொட்டினால் எந்த ஊசி முந்த வேண்டும்?

வன்னியில் குளவி கொட்டினால் முதலில் தேடுவது பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையைத்தான். தோலில் தடிப்பு எழும்பிக் கடிக்கிறது, அவ்வளவுதான் என்றால் அது போதும். வளர்ந்தவருக்கு 4 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை. நித்திரை தூக்கும், போட்டுவிட்டு உழவு இயந்திரத்தில் ஏறக்கூடாது.

குரல் அடைத்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்தால் கதை வேறு. ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினோடு வேறு பல இரசாயனங்களையும் கொட்டிவிட்டன. குருதிக்குழாய்கள் விரிந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் இறுகுகிறது. பிரிட்டன், கலங்களில் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இருக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளும். விழுந்த பிரஷரைத் தூக்காது. ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கலக்கருவுக்குள் போய் மரபணுக்களின் வேலையை மாற்றித்தான் அழற்சியை அடக்கும். அதற்கு மணிக்கணக்காகும். சில நிமிடங்களில் குருதிக்குழாயைச் சுருக்கி மூச்சுப்பாதையைத் திறப்பது அட்ரினலின் ஒன்றுதான்.

1 மில்லிலீற்றர் அம்பியூலில் (மருந்துக் குப்பியில்) 1 மில்லிகிராம் அட்ரினலின் இருக்கும். வளர்ந்தவருக்கு அதில் பாதி. 6 முதல் 12 வயதுக்கு 0.3 மில்லிலீற்றர், அதற்குக் கீழே 0.15. சின்ன அளவுக்கு 1 மில்லிலீற்றர் சிரிஞ்சே நல்லது, பெரியதில் கோடு பிழைக்கும். தொடையின் நடுவில், வெளிப்புறமாக, செங்குத்தாகத் தசைக்குள் போடவேண்டும். தோலுக்கடியில் போட்டால் அங்குள்ள குழாய்களை மருந்தே சுருக்கி, தான் உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். அதே அம்பியூலை அப்படியே நாளத்தில் ஏற்றினால் இதயத் துடிப்பே குழம்பிப்போகும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு ஊசி. ஆளைக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து இருத்தலாம். மலசலகூடத்துக்கு என்று எழுந்து நடந்தால், இருக்கிற இரத்தமும் காலுக்கு இறங்கி இதயம் நின்றுவிடக்கூடும்.

வயலில் புடையன் பாம்பு கடித்து வருபவர்களுக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரைச் சீரத்திலிருந்து எடுப்பது. அதுவும் இதே ஒவ்வாமையைக் கிளப்பும். இலங்கையில் 1007 பேரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில், அதை ஏற்றுமுன் தோலுக்கடியில் 0.25 மில்லிலீற்றர் அட்ரினலின் கொடுத்தபோது, 48 மணித்தியாலத்துக்குள் வரும் கடும் ஒவ்வாமை 38 வீதம் குறைந்தது. ஹைட்ரோகோட்டிசோனும், பிரிட்டனைப் போல ஹிஸ்டமினைத் தடுக்கும் புரோமெதசினும் குறைக்கவில்லை. பழக்கதோசத்தில் அவற்றை மட்டும் போட்டுவிட்டு இருப்பது வீண் நம்பிக்கை. தோலுக்கடியில் போடுவது இந்தத் தடுப்புக்கு மட்டும். ஒவ்வாமை வந்துவிட்டால் தொடைத் தசைதான்.

அடங்கிய ஒவ்வாமை சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வரலாம். தடிப்பு மறைந்துவிட்டது என்று கடைசி பஸ்ஸில் துணுக்காய்க்கு அனுப்பாமல், அன்றிரவு வார்ட்டிலேயே வைத்திருங்கள்.