ஜீரோஸ்டோமியா: நாவறட்சி அல்ல, வாய் உலர்வு

மருத்துவச் சீட்டில் 'ஜீரோஸ்டோமியா' என்று பார்த்ததும் பூச்சியக் கணக்கு எதுவோ என்று எண்ண வேண்டாம். கிரேக்கத்தில் 'ஸீரோஸ்' என்றால் உலர்ந்தது. 'ஸ்டோமா' என்றால் வாய். ஈர மை இல்லாமல் உலர்பொடியால் படியெடுக்கும் ஜெராக்ஸுக்கும் இதே வேர்தான்.

தமிழில் பலர் இதை 'நாவறட்சி' என்று எழுதிவிடுகிறார்கள். நமக்கு நாவறட்சி என்றால் தாகம். ஒரு சொம்புத் தண்ணீரில் தீர்ந்துபோவது. வாயையும் கண்ணையும் உலர்த்தும் ஷோக்ரன் நோயில் நடப்பது வேறு. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றைக் கெடுக்கின்றன. உடலில் நீர் இருக்கிறது. வாயில் ஊறுவதுதான் நின்றுபோகிறது. தாகம் என்று நினைத்து நாள்முழுதும் தண்ணீர் குடிப்பவருக்கு, வாயில் மிச்சமிருந்த வழவழப்பும் கழுவிப் போகிறது. இரவில் நாலு முறை எழுந்ததுதான் மிச்சம்.

ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் தம் ஆய்வேட்டில் கண் உலர்ந்த 19 பெண்களை விவரித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண், வாய் உலர்வைச் சேர்த்து மருத்துவர்கள் 'சிக்கா' என்பார்கள். அது லத்தீன்; பொருள் அதே உலர்வுதான்.

'உமிழ்நீர்' துப்புவதை வைத்து வந்த பெயர். 'வாய் ஊறுது' என்ற பேச்சு வழக்கு சுரப்பதையே சொல்கிறது. வள்ளுவர் 'வாலெயிறு ஊறிய நீர்' (1121) என்றதும் ஊற்றை வைத்துத்தான். இங்கே கெட்டிருப்பது ஊற்று.

ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். நோயாளி உணர்வது 'வாய் உலர்வு', அதுவே ஜீரோஸ்டோமியா. அளந்து காட்டுவது 'உமிழ்நீர்க் குறைவு'. இரண்டும் எப்போதும் சேர்ந்து வராது. வழக்கமான சுரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகே பலருக்கு உலர்வு உறைக்கிறது. அளப்பது எளிது: ஒரு மணி நேரமாவது எதுவும் உண்ணாமல், பல் துலக்காமல் இருந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஊறும் எச்சிலைத் துப்பாமல் 15 நிமிடம் கிண்ணத்தில் வடியவிட வேண்டும். 1.5 மில்லிக்கு மேல் சேரவில்லை என்றால், அதாவது நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கு மிகவில்லை என்றால், குறைவு உறுதி. ஒரு தேக்கரண்டியில் மூன்றிலொரு பங்குகூட இல்லை!

உமிழ்நீரில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமுள்ள கொஞ்சத்தில்தான் வழுக்கும் புரதமும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், பல்லுக்குத் திரும்பும் கால்சியமும் இருக்கின்றன. அதனால் ஷோக்ரன் நோயாளியின் வாயில் சொத்தை வழக்கமான இடத்தில் வருவதில்லை: ஈறோரம், பல்லின் கழுத்து, பழைய பல் உறையின் (கேப்) விளிம்பு, கீழ் முன்பல் நுனி. எச்சில் ஊறட்டும் என்று புளியோ, எலுமிச்சையோ, நெல்லிக்காயோ வாயில் அடக்கும் நம் ஊர் வழக்கம் இங்கே கெடுதல். அமிலத்தை முறிக்க ஆளில்லாத வாயில் அது எனாமலைத்தான் கரைக்கும்.

செய்ய வேண்டியது: 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃப்ளோரைடு பற்பசையைப் பல் மருத்துவர் எழுதித் தந்தால் (கடைப் பற்பசையில் பெரும்பாலும் 1000 முதல் 1500) இரவில் துலக்கி, துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும். கொப்பளித்தால் காசு தண்ணீரில் போச்சு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூச வேண்டும். ஊற வைக்க, சர்க்கரைக்குப் பதில் சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம். நாய் இருக்கும் வீட்டில் அதை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, நாய்க்குச் சைலிடால் நஞ்சு. சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், மருத்துவர் சொன்னபடி, எச்சிலைச் சுரக்க வைக்கும் பைலோகார்பின் 5 மி.கி. மாத்திரை, நாளுக்கு நான்கு வரை. வியர்த்துக் கொட்டும், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவருக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்புவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை உலர்வைக் கூட்டும். மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

நாக்கு சிவந்து எரிந்து, வாயோரம் வெடித்தால் அதை உலர்வின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. பல்செட் இருந்தால் இரவில் கழற்றி, அதையும் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் போட்டால் திரும்ப வரும்.

வாய்சார் வாழ்க்கைத்தரத்தை அளக்க 14 கேள்விகள் கொண்ட ஓஹெச்ஐபி-14 என்ற வினாத்தாள் உண்டு. அதற்கு முன்பாகவே இரண்டைக் கேட்டால் போதும்: ரஸ்க்கை டீயில் தொடாமல் விழுங்க முடிகிறதா? ஃபோனில் பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதா? காதுக்கு முன்னால் கன்னத்தில் வீக்கம் வந்து, வாரக்கணக்கில் வடியாமல் கெட்டியாக நின்றால் கேள்வி வேறு. ஷோக்ரன் நோயில் அங்கே நிணநீர்ப் புற்றுநோய் வரலாம். அன்றே மூட்டுவாத மருத்துவரிடம் காட்ட வேண்டும்.