பழைய மிரர் லென்ஸைக் கேமராவில் மாட்டுவதற்கு முன்

அந்த 800 மி.மீ. குவியத் தூர மிரர் லென்ஸ் என் மேசைக்கு வந்தபோது, அதன் பின்பக்கத்தில், லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் ஓர் அடாப்டர் வளையம் சாய்வாகச் சிக்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவர் முதலில் கையால் திருகியிருக்கிறார். நகரவில்லை என்றதும் துணியைச் சுற்றிக் குறடால் திருகியிருக்கிறார். “லென்ஸிலும் 42 மி.மீ., வளையத்திலும் 42 மி.மீ. சரியாகத்தானே வாங்கினேன்?” என்று கேட்டார். விட்டம் சரிதான். மரைதான் வேறு: லென்ஸில் இருந்தது டி2, வளையத்தில் இருந்தது எம்42. இரண்டும் லென்ஸ் கேமராவில் பொருந்தும் மவுண்ட் வகைகள். எம்42 மவுண்டில் மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. டி2 மவுண்டில் 0.75 மி.மீ. விட்டம் ஒன்றாக இருப்பதால் முதல் ஒரு சுற்று ஏமாற்றி ஏறிவிடும், பிறகு இறுகும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் பலம் கொடுத்தால் அலுமினிய மரை மழுங்கிப்போகும். உதிரி பாகமே கிடைக்காத லென்ஸில் அது பெரிய இழப்பு.

பழைய லென்ஸ்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதும், அவற்றை இன்றைய டிஜிட்டல் கேமராக்களுக்குப் பொருத்திக் கொடுப்பதும் என் தொழில். ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் மிரர் லென்ஸ்களுக்காகத் தனியாக எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்திருந்தேன். “படம் மங்கலாக வருகிறது, இந்த வகை லென்ஸே இப்படித்தான்” என்று தீர்ப்பு எழுதப்பட்டு வருகிற லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் லென்ஸில் இருப்பதில்லை. அடாப்டரில் இருக்கும், டிரைபாடில் இருக்கும், சில நாட்களில் நடுவே இருக்கும் காற்றில்கூட இருக்கும். லென்ஸோ பரணுக்குப் போய்விடுகிறது, அல்லது தெரியாத கைகளால் பிரிக்கப்பட்டுப் பாழாகிறது.

இதன் உள்ளமைப்பு தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். முன் கண்ணாடி வழியாக நுழையும் ஒளி, பின்னால் இருக்கும் நடுவில் துளையிட்ட குழியாடியில் பட்டுத் திரும்புகிறது. முன் கண்ணாடியின் நடுவில் இருக்கும் சிறிய ஆடி அதை மீண்டும் பின்னால் அனுப்ப, துளை வழியாக அது சென்சாரை அடைகிறது. ஒளியின் பாதை இப்படி மடிக்கப்படுவதால்தான் 500 மி.மீ. லென்ஸ் ஒரு கைப்பைக்குள் அடங்குகிறது. ஆடி எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி திருப்புகிறது; எனவே பழைய டெலிபோட்டோ லென்ஸ்களில் விளிம்புகளில் தெரியும் ஊதா நிறக் கசிவு இதில் அநேகமாக இருக்காது. 1941இல் சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுதோவ் கண்டுபிடித்த பிறைவடிவக் கண்ணாடி அமைப்பிலிருந்து பிறந்தவைதான் சோவியத் நாட்டின் எம்.டி.ஓ-500, எம்.டி.ஓ-1000 லென்ஸ்கள். விவிடார் பெயரில் வந்த 600, 800 மி.மீ. ‘சாலிட் கேட்’ லென்ஸ்களில் பெர்கின்-எல்மர் நிறுவனம் உள்ளே காற்றுக்குப் பதிலாகக் கட்டிக் கண்ணாடியையே நிரப்பியது. கையில் எடுத்தால் எடைக்கல்லைத் தூக்குவது போலிருக்கும். மினோல்டாவின் 500 மி.மீ. எஃப்8 லென்ஸ், தானியங்கி ஃபோகஸ் கொண்ட அபூர்வம். என்னைக் கேட்டால், ஒளியியல் பொறியாளர்கள் மிகத் துணிச்சலாக யோசித்த இடம் இதுதான்.

இனி மாட்டும் விஷயம். ஒவ்வொரு மவுண்டுக்கும், அதன் முகப்பிலிருந்து படம் விழும் தளம் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. எம்42க்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, கேனன் எஃப்.டி.க்கு 42, டி2க்கு 55. சோனி ஈ மவுண்டில் வெறும் 18, நிக்கான் இசட் மவுண்டில் 16. லென்ஸின் தூரத்தில் கேமராவின் தூரத்தைக் கழித்தால் அடாப்டரின் நீளம் கிடைக்கும். எம்42 லென்ஸைச் சோனி ஈ மவுண்டில் மாட்ட 27.46 மி.மீ. அடாப்டர் வேண்டும். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு தந்ததன் ரகசியம் இவ்வளவுதான்: நடுவில் இடம் இருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டுள்ள, உள்ளே ஆடி வைத்த எஸ்.எல்.ஆர். கேமராவில் எம்42 லென்ஸை மாட்டினால் கணக்கு எதிர்மறையாகிவிடும். தொலைவில் இருப்பவை தெளிவாகாது. அதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கின்றன. மிரர் லென்ஸோடு அவற்றைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வேறுபாட்டை, அந்த மலிவான கண்ணாடி இன்னும் குலைத்துவிடும்.

39 மி.மீ. மரையிலும் இதே பொறி உண்டு. பழைய எம்.டி.ஓ. லென்ஸ்கள் சிலவற்றில் இருப்பது ஜெனித் கேமராவின் 39 மி.மீ. மரை, அதன் தூரம் 45.2 மி.மீ. லைக்காவின் 39 மி.மீ. மரைக்கோ 28.8. லைக்காவுக்கான அடாப்டர் இந்த லென்ஸில் அழகாகத் திருகி ஏறும், எந்தத் தடையும் இருக்காது. ஆனால் 16 மி.மீ.க்கு மேல் குறைவாக நிற்கும். தூர அளவுகோல் முழுக்கப் பொய்யாகிவிடும்.

வாங்கிய அடாப்டரின் உட்புறத்தை ஒருமுறை விளக்கில் காட்டிப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று விழும். பலர் இதை லென்ஸின் குறை என்றே நம்புகிறார்கள். உள்சுவரில் ஒளி உறிஞ்சும் கருப்பு வெல்வெட் தாளை ஒட்டினால் போதும். நான் பொருத்திக் கொடுக்கும் ஒவ்வோர் அடாப்டரிலும் இதைச் செய்கிறேன். அதேபோல், கனமான லென்ஸைக் கேமராவிலிருந்து தொங்கவிடாதீர்கள். டிரைபாடில் நிற்க வேண்டியது லென்ஸின் கால். கேமரா அதன் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிக்கானின் 2000 மி.மீ. மிரர் லென்ஸ் ஏறத்தாழ 17.5 கிலோ எடை.

பின்பக்கத்தில் திருகப்பட்டிருக்கும் சிறிய ஃபில்டரைத் தேவையற்றது என்று கழற்றி வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த வகை லென்ஸ்களில் அதுவும் ஒளியியல் கணக்கில் சேர்ந்ததுதான். அதை எடுத்தால் குவியும் இடம் கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகரும். தொலைந்துபோயிருந்தால் அதே தடிமனில் நிறமற்ற ஒன்றைப் போடுங்கள்.

கேமராவில் “லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கு” என்ற வசதியை இயக்க வேண்டும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைக் குறைக்கும் கேமரா என்றால், குவியத் தூரத்தை நீங்களே எண்ணாகக் கொடுங்கள். முன்பு மாட்டிய 50 மி.மீ. லென்ஸின் எண் அப்படியே கிடந்தால் கேமரா தவறான அளவில்தான் ஈடுகட்டும். ஃபோகஸ் செய்யும்போது விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதியை நம்ப வேண்டாம். கான்ட்ராஸ்ட் குறைவான படத்தில் அது தடுமாறும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தை மயிரிழையாக நகர்த்துங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். நடுவில் இருக்கும் ஆடி, விட்டத்தில் பாதியை மறைத்தால் பரப்பில் கால் பங்கு போய்விடும். எஃப்8 என்று எழுதியிருந்தாலும் உள்ளே வருவது எஃப்9.2க்கு உரிய, அதைவிடக் குறைந்த ஒளிதான். மற்ற லென்ஸ்களைப் போல ஒளி நுழையும் துளையைச் சுருக்கவும் வழியில்லை. ஷட்டர் வேகமும், சென்சாரின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ.வும் மட்டுமே உங்கள் கையில். படம் சற்றே சாம்பல் பூத்து வருவதும் அந்த நடு ஆடியால்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்துக் கான்ட்ராஸ்டை ஏற்றினால், ஒளிந்திருந்த விவரங்கள் வெளியே வருவதைக் காணலாம்.

வெயில் ஏறிய பிறகு வெகுதொலைவில் இருப்பதைப் படமெடுத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்பவர்களிடம் நான் கேட்பது: அதே இடத்தில் விடியற்காலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தீர்களா? தரையிலிருந்து எழும் சூடான காற்றின் அலைவை எந்த லென்ஸாலும் வெல்ல முடியாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால், லென்ஸுக்கு உள்ளே இருக்கும் காற்று வெளி வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியையும் தாண்டி ஃபோகஸ் வளையம் சுற்றுவது பழுதல்ல. வெப்பத்தால் உடல் நீள்வதையும் சுருங்குவதையும் எண்ணி அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை. இருட்டில் தொலைவில் தெரியும் ஒற்றை விளக்கை நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். விளக்கு, நடுவில் ஓட்டையுள்ள வளையமாகத் தெரியும். ஓட்டை சரியாக மையத்தில் இருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது. வளையம் முக்கோணச் சாயலில் நெளிந்தால், ஆடியைப் பிடித்திருக்கும் வளையம் அதை அளவுக்கு மீறி இறுக்குகிறது என்று பொருள். அதைத் தளர்த்தினால் சரியாகும். முன்பக்கம் டார்ச் அடித்துப் பூஞ்சையையும் பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் நீங்களே பிரித்துத் துடைக்கப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆடியின் அலுமினியப் பூச்சு கண்ணாடியின் முன்முகத்திலேயே இருக்குமானால், அது ஒரு மென்துணிக்கே கீறல் விழும் மெல்லிய படலம். துடைத்துத் துடைத்து வெறும் கண்ணாடியாகிவிட்ட ஆடிகளைப் பார்த்திருக்கிறேன்.

சூரியனைப் பற்றி: இந்த லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்புவதானால், லென்ஸின் முழு வாயையும் மூடும் சூரிய ஃபில்டர் முன்பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பின்பக்கத்துச் சிறு ஃபில்டர் இருக்கும் இடத்தில் கருப்பு ஃபில்டரைப் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். அங்கே ஒளி ஏற்கெனவே குவிந்திருக்கும், கண்ணாடி வெடிக்கலாம். மிரர்லெஸ் கேமராவில் எரிவது சென்சார். எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டரில் கண் வைத்திருந்தால், போவது பார்வை. மூடி போடாமல் ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டுப் போவதும் ஆபத்துதான்.

சிக்கிய அந்த வளையத்தை இரண்டு இடங்களில் அறுத்துப் பிளந்து எடுத்தேன். லென்ஸின் முதல் இரண்டு மரைகள் போய்விட்டன, மற்றவை பிழைத்தன. சரியான டி2 வளையம் அந்த மிச்ச மரையிலேயே ஆடாமல் உட்கார்ந்தது. அன்றிரவே அவர் நிலவைப் படமெடுத்து அனுப்பினார். 800 மி.மீ. லென்ஸில் நிலவு சென்சாரில் ஏழு மி.மீ. அகலத்துக்குத்தான் விழும். அந்த ஏழு மி.மீ.க்குள் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் கதிர்க் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே லென்ஸின் பின்மூடிக்குள் “டி2, 0.75” என்று வெள்ளை மையால் எழுதி வைத்திருந்தேன்.