முறிகண்டிக் கச்சானும் கலத்தின் கொழுப்பும்

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் வாகனம் ஏறுவார்கள். அப்படி வாங்கிய பொதியொன்றை அலுமாரியில் வைத்து மறந்துபோனேன். மாதக்கணக்கில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டால், தூ! ஒரே காறல். கடைக்காரரில் பிழையில்லை, வேலையைக் காட்டியது ஒட்சிசன்.

பாடப்புத்தகம் இதைப் பாண்டலடைதல் என்கிறது. கச்சானில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அதிலுள்ள லினோலெயிக் அமிலத்தில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள ஐதரசனின் பிடி தளர்வு. சோடியில்லாத இலத்திரனோடு திரியும் சுயாதீன மூலிகம் ஒன்று அதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் ஒட்சிசன் ஏறிக்கொள்ளும். ஏறியதும் அது பக்கத்து மூலக்கூறின் ஐதரசனைப் பிடுங்கும். ஆடி மாதக் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடித்த மாதிரித்தான், அப்புறம்.

இதே நெருப்பு நம் கலங்களைச் சுற்றியுள்ள மென்சவ்விலும் பிடிக்கும். ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்புள்ள அந்தக் கொழுப்புப் படையில்தான், தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதங்களான நொதியங்கள் பல குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று சோடியம்-பொற்றாசியம் பம்பி. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. (நாங்கள் நண்டுக் காலை உடைத்து உறிஞ்சுவதோடு சரி.)

இந்தப் பம்பி ஒவ்வொரு முறையும் உருவம் மாறித்தான் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். சுற்றியுள்ள கொழுப்பு அதற்கு இடம் கொடுக்கவேண்டும். கொழுப்பு மூலக்கூறின் நீண்ட வால் வழமையில் படையின் உட்பக்கம் நீட்டியிருக்கும். ஒட்சிசன் ஏறிய வாலோ தண்ணீரை நாடி மேற்பரப்புப் பக்கம் வளையும். படை மெலிந்து ஒழுகத் தொடங்கும். மாரி மழையில் நிலை ஊறிப்போன வீட்டில் கதவு நல்லதாக இருந்தும் சாத்த முடிவதில்லையே, அந்த நிலைமைதான் பம்பிக்கு. போதாததற்கு, கொழுப்பு உடைந்து வரும் அல்டிகைட்டுகள் புரதத்திலேயே போய் ஒட்டும். அது கதவில் ஆணி அடித்த கதை.

எல்லா நொதியமும் சோர்ந்துவிடுவதில்லை. கொழுப்பை வெட்டும் பொசுபோலிப்பேசு ஏ2 என்ற நொதியத்துக்கு வளைந்த வால் வெட்ட வாகாக அமைகிறது. பழுதானதை நறுக்கி எடுத்துவிடும். விற்றமின் ஈயோ தன் ஐதரசனைக் கொடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவும் இந்தச் சங்கிலியை அறுக்கும்.

வறுத்த கச்சானில் உயிரில்லை, ருசி மட்டும்தான் கெடும். விதைக் கச்சானுக்கு மென்சவ்வு பழுதானால் முளையே போச்சு. ஊறவைத்த தண்ணீரில் அதன் சீனியும் உப்பும் ஒழுகிவிடும். கோதை உடைத்தால் தோல் காயப்பட்டுக் காற்று சுலபமாகப் புகும். விதைக்கு வைத்ததைத் தோட்டக்காரர் நடுகைக்குச் சற்று முன்னர்தான் உடைக்கிறார்கள்.